யார் பார்த்துக்கொள்வது? ஆசியாவின் முதுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது: "சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா யாரு பாத்துக்கறது?" மூன்று பிள்ளைகள், மூன்று ஊர். கூடியிருந்த ஆண்கள் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள்போலப் பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

ஜப்பான், தென் கொரியா, சீனா, சிங்கப்பூர் என்று பாதி ஆசியா இன்று இதே வராந்தாவில்தான் நிற்கிறது. இந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நானே கேட்டுக்கொண்டவற்றையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

வயதானவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்களே. இப்போது என்ன புதிதாக?

வேகம்தான் புதிது. ஒரு நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 7 பேர் ஆனால் அது மூப்படையத் தொடங்கிவிட்டது என்பது கணக்கு. 14 பேர் ஆனால் மூப்படைந்த சமூகம். 20-ஐத் தாண்டினால் அதற்கும் மேல். 7-லிருந்து 14-க்குப் போக பிரான்ஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஜப்பான் 1970-இலிருந்து 1994-க்குள், அதாவது 24 ஆண்டுகளில் முடித்தது. கொரியா 2000-இல் 7-ஐத் தொட்டு, 2024 டிசம்பரில் 20-ஐயே கடந்துவிட்டது.

பிரான்ஸ்காரர்களுக்குப் பென்ஷன், நர்ஸிங், உள்ளூராட்சி எல்லாவற்றையும் ஆற அமர அமைக்க நான்கு தலைமுறை கிடைத்தது. கொரியாவில் வேலைக்குச் சேர்ந்தபோது இளமையான நாட்டில் சேர்ந்தவர், ரிட்டயர் ஆகும்போது கிழட்டு நாட்டில் ரிட்டயர் ஆகிறார்.

(ஒரு எச்சரிக்கை: ஜப்பானும் கொரியாவும் 65-லிருந்து எண்ணுகின்றன, இந்தியாவும் சீனாவும் பெரும்பாலும் 60-லிருந்து. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புவது வழக்கம்.)

மருத்துவம் வளர்ந்து நீண்ட நாள் வாழ்வதால்தானே இது?

பாதிதான் உண்மை. அதைவிடப் பெரிய காரணம் தொட்டில் பக்கம் இருக்கிறது. மக்கள்தொகை குறையாமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் வேண்டும். 2023-இல் கொரியாவில் இது 0.72. சிங்கப்பூரில் 0.97. ஜப்பானில் 1.20.

0.72 என்றால் என்ன என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 100 ஆண், 100 பெண், ஆக 200 பேர். அவர்களுக்கு 72 பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு 26 பேரப்பிள்ளைகள். இருநூறு தாத்தா பாட்டிகளுக்கு இருபத்தாறு பேர்! மருத்துவம் ஒரு நாள்கூட ஆயுளைக் கூட்டாமல் இருந்தாலும் அந்த ஊர் கிழடுதட்டித்தான் போகும்.

சீனாவுக்கு இது 'ஒரு குழந்தை' சட்டம் தந்த தண்டனையா?

அப்படிச் சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கொள்கை வருவதற்கு முன், 1970-களிலேயே அங்கே பிறப்பு பாதிக்குப் பாதி சரிந்துவிட்டது. 'தாமதமாகக் கட்டு, இடைவெளி விடு, குறைவாகப் பெறு' என்ற பிரசாரமும் அழுத்தமும் அந்த வேலையைச் செய்தன. 1980 வாக்கில் வந்த ஒரு குழந்தைக் கொள்கை அந்தச் சரிவைப் பூட்டுப் போட்டுப் பூட்டியது. 2016-இல் இரண்டு, 2021-இல் மூன்று என்று கதவைத் திறந்துவிட்டும் உள்ளே வர ஆளில்லை. 2022-இல் மக்கள்தொகை 8.5 லட்சம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்கள் இப்போது 30 கோடிக்கும் மேல்.

ஒற்றைப் பிள்ளைகள் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், மேலே நான்கு பெற்றோர், கீழே ஒரு குழந்தை. இதை அங்கே '4-2-1' என்பார்கள். 'பணக்காரர் ஆகும் முன் கிழவர் ஆகிவிட்டோம்' என்பதும் அங்கே அடிபடும் பேச்சு. 1950-களில் வைத்த ஓய்வு வயதில் 2025 ஜனவரியில்தான் கைவைத்தார்கள்: ஆண்களுக்கு 60-லிருந்து 63, அலுவலகப் பெண்களுக்கு 55-லிருந்து 58, தொழிலாளிப் பெண்களுக்கு 50-லிருந்து 55. அதுவும் 15 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஐம்பதில் ஓய்வு பெற்ற பாட்டிதான் இவ்வளவு நாளும் சீன நகரங்களில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், அதனால்தான் மருமகள் வேலைக்குப் போனார் என்பதை மறந்துவிடக் கூடாது. பாட்டியை ஆலையிலேயே இருத்தினால் குழந்தையை யார் தூக்குவது? திரும்பவும் அதே வராந்தாக் கேள்வி.

கொரியா பணக்கார நாடு. அங்கே ஏன் கிழவர்கள் அட்டைப்பெட்டி பொறுக்குகிறார்கள்?

சோல் நகரத் தெருக்களில் விடிகாலையில் கைவண்டியில் அட்டையும் பழைய காகிதமும் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் எழுபது, எண்பது வயதுக்காரர்களைப் பார்க்கலாம். கிலோவுக்குக் கிடைப்பது சொற்பம். கொரிய முதியோரில் பத்துக்கு நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் இது மிக அதிகம்.

தேசியப் பென்ஷன் அங்கே 1988-இல்தான் வந்தது. முதலில் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும். நகரத்துச் சிறுகடைக்காரருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும் வந்து சேர 1999 ஆகிவிட்டது. இன்று 85 வயதானவருக்கு அப்போதே அறுபதை நெருங்கும் வயது. அவர் எப்போது கட்டி எப்போது வாங்குவது? அவர் போட்ட ஒரே முதலீடு பிள்ளைகளின் படிப்பு. பிள்ளை படித்தான், சோலுக்குப் போனான், வீட்டுக் கடன் வாங்கினான், தன் பிள்ளையின் டியூஷனுக்குக் கட்டுகிறான். இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை. பழைய ஒப்பந்தம் 'நான் உன்னை வளர்க்கிறேன், நீ என்னைப் பார்த்துக்கொள்' என்பது. ஒரு பக்கம் மட்டும் நிறைவேறியது.

கொரியாவில் எனக்குப் பிடித்த ஒரு தொழில் உண்டு. 1984 முதல் 65 வயதுக்காரர்களுக்கு மெட்ரோ ரயில் இலவசம். அதை வைத்து முதியவர்களைக் கூரியர் ஆட்களாக அனுப்பும் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. பூங்கொத்து, பத்திரம், பல் செட் என்று கையில் எடுத்துக்கொண்டு ரயில் மாறி ரயில் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். டிக்கெட் செலவு இல்லை என்பதுதான் மொத்த வியாபாரமும். மெட்ரோக்காரர்கள் நஷ்டக் கணக்கில் இந்த இலவசப் பயணத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். 2025 மார்ச்சில் பென்ஷன் சட்டத்தைத் திருத்தினார்கள்: சம்பளத்தில் 9 சதவீதமாக இருந்த சந்தா படிப்படியாக 13 ஆகும். 'நாங்கள் கிழவர் ஆகும்போது பானையில் ஏதாவது மிஞ்சுமா?' என்று இருபது வயதுக்காரர்கள் கேட்டார்கள்.

ஜப்பான்தான் முன்மாதிரி என்கிறார்கள். அப்படி என்ன செய்தது?

முதலில் தப்பாகச் செய்தது. அதையும் சொல்ல வேண்டும்.

1973-இல் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவம் இலவசம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டில் பார்க்க ஆளில்லாத முதியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்கேயே வைத்துவிட்டார்கள். தேவைப்பட்டது குளிப்பாட்ட ஒரு ஆள். கொடுக்கப்பட்டது கட்டிலும் டிரிப்ஸும். செலவு தாங்காமல் 1983-இல் அந்த இலவசம் முடிவுக்கு வந்தது.

அதே 1983-இல் ஹிகுச்சி கெய்கோ என்ற விமர்சகர் வேறு சில பெண்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். முதியோர் பிரச்சினை என்று ஆண்கள் மேடையில் பேசுவது உண்மையில் மருமகள்களின் பிரச்சினை என்பது அவர்கள் வாதம். 'பராமரிப்பு நரகம்' என்ற சொல் அப்போது ஜப்பானியப் பத்திரிகைகளில் புழங்கியது. மாமியாரைப் பத்து வருடம் தூக்கிக் கிடத்திய மருமகளுக்குக் கடைசியில் சொத்திலும் பங்கில்லை, பேரும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு வந்தது. கைகோ ஹோகென் என்பார்கள். 40 வயது ஆன எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பாதிப் பணம் சந்தா, பாதி வரி. 65-க்குப் பிறகு கை கால் ஓயும்போது நகராட்சியில் விண்ணப்பித்தால் ஆள் வந்து பார்த்து ஏழு நிலைகளில் ஒன்றில் வைப்பார்கள். தானே சட்டை பொத்தான் போட முடிகிறதா, நேற்று என்ன சாப்பிட்டார் என்று நினைவிருக்கிறதா என்ற மாதிரியான விசாரணை. அந்த நிலைக்கு ஏற்ப வாரத்தில் இத்தனை நாள் குளிப்பாட்டும் ஆள், இத்தனை நாள் பகல்நேர மையம் என்று ஒரு அட்டவணை போடப்படும். செலவில் பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுத்தால் போதும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் முடிவு ஒன்று உண்டு. ஜெர்மனி இதற்கு ஐந்தாண்டு முன்பே இதேபோன்ற காப்பீட்டைக் கொண்டுவந்து, வேண்டுமானால் சேவைக்குப் பதில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது. ஜப்பானிலும் ரொக்கம் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பெண்கள் அமைப்புகள் பிடிவாதமாக எதிர்த்தன. ரொக்கம் வந்தால் அது குடும்பப் பணத்தில் கரையும்; 'அதான் காசு வருதே' என்று மருமகள் வீட்டிலேயே கிடப்பாள்; வெளியிலிருந்து ஆள் வரவே வராது. ரொக்கம் கிடையாது, சேவை மட்டும் என்று முடிவானது. நம் ஊரில் எந்த நலத்திட்டத்தையும் 'அக்கவுண்டில் பணம்' என்று மட்டுமே யோசிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. தொடக்கத்தில் முதியவர் ஒருவரின் மாதச் சந்தா சராசரி 2,911 யென்; இப்போது 6,225. இன்னமும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விடுகிறார்கள். பராமரிப்பு வேலைக்குச் சம்பளம் குறைவு, ஆள் கிடைப்பதில்லை. ஆனால் மருமகள்தான் பார்க்க வேண்டும் என்ற எழுதாத சட்டம் உடைந்தது. இன்று கணவன், மனைவி, மகள், மகன் என்று வரிசை மாறிவிட்டது. அறுபது வயது மகன் தொண்ணூறு வயது அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவது அங்கே அதிசயமில்லை.

ஜப்பானில் நூறு வயதுக்கு வெள்ளிக் கோப்பை தருவார்களாமே?

ஆமாம், அரிசி மது குடிக்கும் சின்னக் கோப்பை. 1963-இல் தொடங்கினார்கள், அப்போது நாடு முழுக்க நூறைத் தாண்டியவர்கள் 153 பேர். சுத்த வெள்ளியில் செய்து கொடுத்தார்கள். 2024-இல் அந்த எண்ணிக்கை 95,000-ஐத் தாண்டியது. 2016 முதல் கோப்பைக்கு வெள்ளி முலாம் மட்டும்.

ஊர்கள் காலியாகின்றன என்பது உண்மையா?

ஜப்பானின் 2023 கணக்கெடுப்பில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் 90 லட்சம். ஹொக்கைடோ தீவில் யூபாரி என்ற நிலக்கரி ஊரில் 1960 வாக்கில் 1 லட்சத்துக்கும் மேல் மக்கள். சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் போனார்கள், 2007-இல் நகராட்சியே திவாலானது. பள்ளிகளை ஒன்றாக்கினார்கள், ஆஸ்பத்திரியைச் சுருக்கினார்கள். இன்று பத்தாயிரம் பேர்கூட இல்லை. தண்ணீர்க் குழாயின் நீளம் மட்டும் ஆள் குறைந்தாலும் குறைவதில்லை; மிஞ்சியவர்கள் தலைக்கு அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

பெற்றோரைப் பார்க்காத பிள்ளைகளைச் சட்டம் போட்டு மடக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். சிங்கப்பூர் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் 2007-இல் வந்தது. சீனா 2013-இல், பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்றே சட்டத்தில் எழுதியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால் அதற்குப் பதில் இல்லை.

சட்டத்தால் மாதாமாதம் பணம் வாங்கித் தர முடியும். நடு இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க எந்தத் தீர்ப்பாயமும் உத்தரவு போட முடியாது. சிங்கப்பூர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது: பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடி வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு 2015 முதல் மானியம். ஒரே வீட்டில் இருந்து சண்டை போட வேண்டாம். குழம்பு ஆறும் முன் கொண்டுபோய்க் கொடுக்கும் தூரம்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தால் தீர்ந்துவிடாதா?

தைவானில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பராமரிப்பாளர்கள், பெரும்பாலும் இந்தோனேசியப் பெண்கள், முதியவர்களோடு ஒரே வீட்டில் தங்கி வேலை செய்கிறார்கள். ஹாங்காங்கும் சிங்கப்பூரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியான்மர் பெண்களை நம்பியிருக்கின்றன. ஜப்பானும் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்து எடுக்கத் தொடங்கியது.

பெரியம்மா வீட்டில் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்தேன். ஒரு ஏஜென்சி மூலம் அட்டெண்டர் வைத்தார்கள். மூன்று வாரத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் ஏஜென்சிக்குத் தனிக் கமிஷன். நான்காவதாக வந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் 'இ', 'வ' என்று எழுதிவைப்பார்: இடது, வலது. இரவு இரண்டு மணிக்கும் அந்த எழுத்து விழுந்திருக்கும். ஒரு நாள் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். "ஆயாவுக்கு மாத்திர குடுத்தியா? சாப்பாட்டுக்கு அப்புறம்டி!" அவர் மாமியாரும் படுக்கைதான். பார்த்துக்கொள்வது ஒன்பதாவது படிக்கும் மகள்.

தைவான் தலைநகர் தைபேயில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டுகிறவரின் சொந்தத் தாத்தா ஜாவாவில் எங்கோ இருக்கிறார். ஆள் எடுப்பதால் பிரச்சினை தீர்வதில்லை, ஏழை ஊருக்கு இடம் மாறுகிறது.

ரோபோ?

பாரோ என்ற சீல் (கடல்நாய்) குட்டி ரோபோ பொம்மை தடவிக்கொடுத்தால் கண் சிமிட்டும். மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆறுதல் தருகிறது என்கிறார்கள். கட்டிலிலிருந்து தூக்கும் கருவிகள் இடுப்பு வலியை மிச்சப்படுத்துகின்றன. முகம் துடைத்து, தலை வாரி, சண்டை போட்டுச் சாப்பிட வைக்கும் ரோபோ இன்னும் வரவில்லை.

இந்தியா இளைஞர் நாடுதானே? நமக்கு ஏன் இந்தக் கவலை?

எந்த இந்தியா என்று கேட்க வேண்டும். 2021-இல் 60 வயதுக்கு மேற்பட்டோர் கேரளத்தில் நூற்றுக்கு 16.5, தமிழ்நாட்டில் 13.6, பீகாரில் 7.7 என்பது அரசின் மதிப்பீடு. 2031-இல் தமிழ்நாடு 18-ஐத் தாண்டும். பிறப்பு இறப்புகளை எண்ணும் அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளை. ஐரோப்பாவுக்குச் சமமான பிறப்பு. வருமானம் மட்டும் ஐரோப்பாவுடையது இல்லை.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதே மாதம் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறையைச் சுட்டி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கேட்கும் நிலை வந்துவிட்டதே என்றார். பதினாறும் பெற்று என்று வாழ்த்தியவர்கள் சொன்னது பதினாறு செல்வத்தை, பிள்ளையை மட்டுமல்ல. எப்படியானாலும் இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்க இருபத்தைந்து வருடம் ஆகும். அதுவரை?

மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை அதன் பங்கு மாதம் 200 ரூபாய். 2006-க்குப் பிறகு ஏறவில்லை. தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து 2023-இல் அதை 1,200 ஆக்கியது. பெரியம்மா வீட்டு வேலைக்காரம்மாவுக்கு அதுவும் இரண்டு மாதம் நின்றுபோனது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்து, கைரேகை மிஷின் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இலங்கையில்?

தெற்காசியாவில் வேகமாக மூப்படைவது இலங்கைதான்; 2012 கணக்கெடுப்பிலேயே 60-ஐத் தாண்டியவர்கள் 12 சதவீதம். தனியார் ஊழியருக்கு இருக்கும் ஊழியர் சேமலாப நிதி 1958-இலிருந்து உண்டு, ஆனால் அது ஒரே தடவையில் கைக்கு வரும் தொகை, மாதாமாதம் வராது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இளையவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். யாழ்ப்பாணத்தில் இது அதற்கும் முந்திய கதை: பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், பெரிய கல்வீட்டில் அப்பா அம்மா மட்டும், வைபரில் 'சாப்பிட்டியளோ?'

எனக்கு 45 வயது. இப்போது என்ன செய்யலாம்?

பணம் சேர்ப்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் இரண்டை மட்டும் சொல்கிறேன். அப்பா அம்மா நன்றாக நடமாடும்போதே உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசுங்கள். யார் பணம், யார் நேரம், யார் இரவு. பணம் அனுப்புகிறவரும் இரவு விழிக்கிறவரும் சமம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதினால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பார்க்காமல் விட்டால், இந்தியாவின் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும். பெரியம்மா எழுதிய பத்திரத்தில் அந்த வரி இல்லை. எழுதிக் கொடுத்த அன்று அது கேட்கவே கூச்சமாக இருந்தது என்றார்.